லேப்டாப் மூடியைத் திறந்ததும் டிஸ்க் காணாமல் போகிறதா? எஸ்எஸ்டியை (கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை) மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் 5,600 ரூபாயும் மூன்று வருடக் கோப்புகளும் போய்விட்டன எனக்கு. லினக்ஸ் போட்ட லேப்டாப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

மூடியை மூடிவைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து திறப்பேன். திரை வரும், மவுஸ் நகரும். எதைத் திறந்தாலும் 'இன்புட்/அவுட்புட் எரர்'. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஓடும், அடுத்த முறை மூடும்வரை.

காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மறுநாள் போனபோது, "எஸ்எஸ்டி டெட் சார். டேட்டா எடுக்க முடியாது" என்றார்கள். நேற்றுக் காலைகூட அதிலிருந்துதானே பூட் ஆச்சு என்றேன். "கடைசி நேரத்துல அப்படித்தான் சார் ஓடும்." போனில் எடுத்து வைத்திருந்த ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் அறிக்கையைக் காட்டினேன். தேய்மானம் 4 சதவீதம், மீடியா பிழை 0. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழையதற்கு 500 கழித்ததாகச் சொல்லி, புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அதே எரர். "அப்போ மதர்போர்டு சார், 14,000 ஆகும்."

அலுவலகத்தில் ஒரு தம்பிதான் காப்பாற்றினான். "அண்ணா, மூடுறதுக்கு முன்னாடி டெர்மினல்ல டிமெசேஜை ஓட விட்டுட்டு மூடுங்க" என்றான். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளை அது. திறந்ததும் திரையில் ஒரு வரி நின்றது: என்விஎம்இ கன்ட்ரோலர் டவுன், சிஎஸ்டிஎஸ் மதிப்பு எட்டு எஃப். என்விஎம்இ என்பது இந்த எஸ்எஸ்டி கணினியோடு பேசும் முறை. சிஎஸ்டிஎஸ் என்பது டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டர், அதாவது ஒரு சின்ன நினைவிடம். டிஸ்க்கை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் மறுமுனையிலிருந்து பதிலே வராதபோது படித்தால் எல்லா பிட்டும் 1 ஆகத்தான் கிடைக்கும்; அதுதான் எட்டு எஃப் என்று தெரிகிறது. தூங்கப் போன டிஸ்க் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இதைவிட முக்கியம் அதற்கு அடுத்த வரி. மின்சேமிப்பு நிலையில் கோளாறு இருக்குமோ, இந்த இரண்டு அளவுருக்களைப் போட்டுப் பாருங்கள் என்று கெர்னலே எழுதியிருந்தது! மறுபடி பூட் செய்தபின் ஜர்னலில் (டிஸ்க்கில் சேமிக்கப்படும் பதிவேட்டில்) தேடினால் இது கிடைக்காது. எழுத வேண்டிய டிஸ்க்கே போய்விட்டதால் பதிவு தூங்கப்போன இடத்தோடு நின்றிருக்கும்.

2017இல் வந்த 4.11 கெர்னலிலிருந்து, சும்மா இருக்கும் டிஸ்க் தானாகவே குறைந்த மின்நிலைக்குப் போகும் ஏபிஎஸ்டி வசதியை என்விஎம்இ டிரைவர் பயன்படுத்துகிறது. சில டிஸ்க்குகளுக்கு, சில லேப்டாப்புகளில் மட்டும், அது ஒத்துவராது. அதற்காகவே டிரைவருக்குள் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில், கெர்னல் வரியில் என்விஎம்இ_கோர்.டீஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ் மதிப்பை 0 ஆக்கி ஏபிஎஸ்டியை நிறுத்தினோம். கெர்னல் சொன்ன இன்னொன்றான பிசிஐஇ_ஏஎஸ்பிஎம் ஆஃப் (பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சேமிப்பை நிறுத்துவது) எனக்குத் தேவைப்படவில்லை. ஆர்டிசிவேக் கட்டளையால் ஒரு ராத்திரி முழுக்க 30 முறை தூங்கவைத்து எழுப்பினேன். ஒருமுறைகூட டிஸ்க் போகவில்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, பரவாயில்லை.

எஸ்எஸ்டி உண்மையிலேயே செத்துப்போகவும் செய்யும். ஆனால் தூங்கி எழும்போது மட்டும் தொலைந்து, அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் டிஸ்க்கைக் கடைக்காரர் டெட் என்றால், உங்கள் கண்முன்னால் பூட் செய்து காட்டச் சொல்லுங்கள். மூடித் திறந்தும் காட்டச் சொல்லுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றாலும் பழையதைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

நான் வாங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, "அது அன்னிக்கே போயிடுச்சு சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். டெட் என்று என்னிடம் சொன்ன டிஸ்க்கை செகண்ட்ஸில் விற்றிருக்கிறார்கள். நான் என்கிரிப்ட் செய்திருக்கவில்லை. வீட்டில் எல்லோருடைய ஆதார், பான் நகல்களும், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகப் பாஸ்வேர்டு மாற்றினேன். ஆதார் நகல்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் புரியவில்லை.