அம்பாசிடரில் இசுசூ இன்ஜின்: 46,000 கிலோமீட்டருக்குப் பிறகு

அப்பா வாங்கிய 1984 மார்க் 4 அம்பாசிடர் எங்களுடையது. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை இரண்டு முறை ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து, ஓட்டியாயிற்று. மூன்றாவது முறை பிளாக்கில் விரிசல் என்று மெக்கானிக் பாய் கையை விரித்துவிட்டார். வண்டியை விற்க மனமில்லை. தொண்ணூறுகளில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இதே உடம்பில் போட்டு விற்ற 1817 சிசி இசுசூ பெட்ரோல் இன்ஜினைத் தேடினேன். ஏற்றி ஐந்து வருடம் ஆகிறது.

"இன்ஜினை மட்டும் வாங்காதீங்க சார், கியர் பாக்ஸ், ஷாப்ட், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியில இருந்து எடுத்துடுங்க" என்றார் பாய். நான் ரேடியேட்டரை மட்டும் விட்டுவிட்டேன். நாலாயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைப்பு. முதல் கோடையிலேயே டிராபிக்கில் முள் சிவப்புக்குப் போனது. புது ரேடியேட்டரும் மின்விசிறியும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம்.

முதலில் பார்த்த ஒரு பழைய சாமான் கடையில் இன்ஜின் மலிவுதான், ஆனால் நம்பரைத் தேய்த்திருந்தார்கள். அப்படியே திரும்பிவிட்டேன். ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏறாமல் ஓட்டினால் சட்டப்படி தப்பு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். பிறகு வேறிடத்தில் வாங்கிய இன்ஜினுக்கு, அதை எடுத்த வண்டியின் ஆர்.சி. நகல், வாங்கிய ரசீது இரண்டும் கையில் இருந்ததால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூன்று நடையோடு முடிந்தது.

பழைய கியர் ஸ்டீரிங்கிலேயே இருக்கும். இசுசூவோடு வந்த ஐந்து கியர் பாக்ஸுக்குக் கம்பி தரையிலிருந்து எழும்புகிறது. தளத்தை வெட்டி, புது மவுண்டிங் வைத்து, லேத் பட்டறையில், இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாப்டின் நீளத்தைச் சரிசெய்ய ஒரு மாதம் ஓடிவிட்டது. முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரும் சுகம் அதோடு போச்சு. அப்பா ஓட்டும்போது கை இன்னமும் ஸ்டீரிங் அடியில்தான் கியரைத் தேடும்.

ஓட்டம்? பழையது சுமார் 50 குதிரைத்திறன், இது 75 பக்கம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பெல்லாம் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். இப்போது இரண்டிலேயே துள்ளுகிறது. இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பாதி மலையிலேயே கருகிய வாடை, பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. ஓரம் கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டுத்தான் இறங்கினோம். மறுவாரமே முன்பக்கம் டிஸ்க் போட்டேன். இன்ஜின் ஏற்றும் அன்றே அதையும் செய்திருக்க வேண்டும், சோம்பல்தான்.

மைலேஜ் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 10, ஊருக்குள் 8. பழையதைவிடப் பெரிய லாபம் ஒன்றுமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி, கார்புரேட்டர் பக்கம் கசிந்தன; எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

மொத்தச் செலவு ஒன்றே முக்கால் லட்சம். இன்ஜினைத் திறந்து பார்க்கும் வேலை இதுவரை வரவில்லை. கிளட்ச் மட்டும் இப்போது மேலே பிடிக்கிறது, தீபாவளிக்குள் பிளேட் மாற்றியாக வேண்டும்.