சான் மார்கோஸா, புலாஸ்கியா: எந்தக் கடற்கோட்டைக்கு முதலில் போவது?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரிலுள்ள காஸ்டியோ டி சான் மார்கோஸுக்குப் போவதா, ஜார்ஜியாவில் சவன்னா ஆற்று முகத்துவாரத்தின் காக்ஸ்பர் தீவிலுள்ள புலாஸ்கி கோட்டைக்குப் போவதா என்ற கேள்வி எழும். இரண்டுமே 1924 அக்டோபர் 15 அன்று ஒரே ஆணையின் மூலம் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. ஆனால் அவற்றின் சுவர்கள் சொல்லும் கதைகள் நேர் எதிரானவை.

1668-இல் கடற்கொள்ளையர்கள் நகரைச் சூறையாடியதால், ஸ்பானியர்கள் 1672-இல் சான் மார்கோஸைக் கட்டத் தொடங்கி 1695-இல் முடித்தனர். அதன் சுவர்கள் கோகினா என்னும் கிளிஞ்சல் கல்லால் ஆனவை. அருகில் சென்று பார்த்தால், விரல்நக அளவேயுள்ள சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருப்பதும், இடையிடையே நுண்துளைகள் இருப்பதும் தெளிவாகத் தெரியும். இந்த நுண்துளைகள் தரும் நெகிழ்ச்சியால், மோதிய இரும்புக் குண்டுகள் சுவரைப் பிளக்காமல் அதற்குள் புதைந்துபோயின. 1702-இல் ஏறத்தாழ 1,500 பேர் உள்ளே தஞ்சமடைந்து ஆங்கிலேயரின் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினர். ஜார்ஜியாவை நிறுவிய ஓகில்தோர்ப்பே 1740-இல் படையெடுத்து வந்தும் கோட்டை விழவில்லை. 1875 முதல் 1878 வரை இங்கே சிறைவைக்கப்பட்ட சமவெளிப் பழங்குடியினர் வரைந்த ஓவியங்களின் வரலாற்றையும் அறியாமல் திரும்பக் கூடாது.

புலாஸ்கியின் கட்டுமானம் 1829 முதல் 1847 வரை நீடித்தது. சுமார் இரண்டரைக் கோடி செங்கற்கள் செலவாயின. சுவரின் கனம் ஏழரை அடி. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து இத்தகைய சுவரை உடைக்க முடியாது என்பதே அக்காலப் பொறியாளர்களின் கணக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை வசமிருந்த இக்கோட்டையை நோக்கி, 1862 ஏப்ரல் 10 அன்று அருகிலுள்ள டைபீ தீவிலிருந்து வடக்கின் ஒன்றியப் படை சுடத் தொடங்கியபோது அந்தக் கணக்கு பொய்த்தது. குழலின் உட்புறம் சுழல் வரிகள் வெட்டப்பட்ட பீரங்கிகள், நீள்வடிவக் குண்டுகளைச் சுழலவிட்டுச் செங்கல்லுக்குள் ஆழமாகத் துளைத்தன. தென்கிழக்கு மூலை சரிந்தது. அந்தப் பிளவு வழியாக நுழைந்த குண்டுகள் எதிர்மூலையிலிருந்த வெடிமருந்து அறையை நெருங்கவே, சுமார் 30 மணி நேரத்தில் கோட்டை சரணடைந்தது. பிளவை அடைத்த செங்கற்கள் பழைய சுவரிலிருந்து மாறுபட்ட சிவப்பாக இன்றும் தனித்துத் தெரிகின்றன. பக்கத்திலேயே குண்டு துளைத்த குழிகளும் அப்படியே இருக்கின்றன.

வசதியைப் பொறுத்தவரை, நகருக்குள்ளேயே இருக்கும் சான் மார்கோஸ் எளிது. புலாஸ்கிக்குச் சாலை வழியாகத் தீவுக்குப் போக வேண்டும். ஆயினும் நீர் நிறைந்த அகழியும், வளைவுக் கூரையுள்ள பீரங்கி அறைகளின் நிழலும் நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஏற்றவை.

இருப்பினும் என் தேர்வு புலாஸ்கிதான். சான் மார்கோஸின் பெருமை குறைந்ததன்று. ஆனால் சுழல்வரிப் பீரங்கியின் சோதனைக்கு அது ஒருபோதும் உள்ளாகவில்லை. கடற்கோட்டைகளின் காலம் ஏன் முடிந்தது என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால் புலாஸ்கியே இடம். அங்கே போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் அகழியின் வெளிக்கரை வழியாகத் தென்கிழக்கு மூலைவரை நடந்து, குழிகளைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி டைபீ தீவை நோக்க வேண்டும். அந்தக் குண்டுகள் கடந்து வந்த தொலைவு முழுவதும் ஒரே பார்வையில் விரியும்.