குளூட்டன் இல்லாத பாக்கெட் பிரெட்: வாங்கலாமா?

என் மகளுக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத நோய், என்று உறுதியான பிறகு எங்கள் வீட்டுக்கு வருவது குளூட்டன் இல்லாத பிரெட்தான். சில வகைகளைச் சாப்பிட்டுப் பார்த்து, கடைசியில் துண்டு போட்டு வரும் வெள்ளை பிரெட் ஒன்றில் நிலைத்திருக்கிறோம். அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், முட்டை வெள்ளை, சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பொருள், இசப்கோல் உமி: லேபிளில் முக்கியமாக இருப்பவை இவை.

சுவையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிட்டால் வறண்டு உதிர்கிறது. கோதுமை மாவைப் பிசையும்போது வரும் இழுவைக்குக் காரணமே குளூட்டன்தான். மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைத்து பிரெட்டை உப்ப வைப்பதும் அதுவே. கம்மும் உமியும் அந்த வேலையைப் பாதிதான் செய்கின்றன. ஆனால் டோஸ்ட் செய்தால் ஓரம் மொறுமொறுப்பாகி, நடுப்பகுதி மிருதுவாகிவிடும். மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். பாக்கெட்டைப் பிரித்ததும் மீதியை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், வெளியே இருந்தால் சீக்கிரம் காய்ந்துபோகும். அப்புறம், கோதுமை பிரெட் சுடும் டோஸ்டரில் இதைப் போடவே கூடாது. அதில் ஒட்டியிருக்கும் துகள்களே சீலியாக் உள்ளவர்களுக்குக் கெடுதல்.

இந்த நோயில் குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உறிஞ்சிகளைச் சிதைத்துவிடுகிறது. என்ன சாப்பிட்டாலும் சத்து உடலில் சரியாகச் சேராது. மகள் வெளுத்து, வயிறு உப்பி, எந்நேரமும் சோர்ந்து கிடந்தாள். இரும்புச்சத்து மருந்துக்கு ஏறாத ரத்த அளவு, உணவை மாற்றிய பிறகுதான் ஏறியது. கோதுமையை நிறுத்தினால் இந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள் என்று 1940களில் நெதர்லாந்தில் எடுத்துக்காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். இன்றைக்கும் வாழ்நாள் முழுக்க இந்த உணவுமுறைதான் சிகிச்சை. அதனால் பாக்கெட்டின் மேலுள்ள ‘குளூட்டன் இல்லாதது’ என்ற வரி எங்களுக்கு உயிர்நாடி. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரப்படி, அப்படிப் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ‘கோதுமை இல்லாதது’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். பார்லியோ ரையோ இருக்கலாம்.

குறை என்றால் எனக்குப் பெரிதாகப் படுவது நார்ச்சத்துதான். இதில் பெரும்பகுதி ஸ்டார்ச், முழுக்கோதுமை பிரெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. மென்மைக்காக எண்ணெயும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். ஃபோலிக் அமிலம், இரும்பு சேர்த்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். பருப்பு, காய், பழம் இல்லாமல் இந்த பிரெட்டை மட்டும் நம்பினால் குழந்தைக்கு மலச்சிக்கல் வரலாம்.

எடை குறையும் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். குளூட்டன் இல்லை என்பதால் கலோரி குறைந்துவிடாது. சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், சரி. ஆனால் வயிற்றுத் தொல்லை இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

நாங்கள் இதைத் தொடர்ந்து வாங்குவோம். இதே பிரெட் முழுத்தானிய மாவில் வந்தால் அன்றைக்கே மாறிவிடுவேன்.