தக்காளி இலைக்கருகலுக்குத் தாமிரமா, நுண்ணுயிரா, சமையல் சோடாவா?

இங்கே ஒப்பிடும் எந்தத் தெளிப்பும் இலையில் விழுந்துவிட்ட புள்ளியை மறைய வைக்காது. நல்ல இலையின் மேல் படிந்து, அடுத்து வந்து விழும் பூசண வித்தை முளைக்க விடாமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. ஆகவே எது வலுவானது என்பதைவிட, எப்போது அடிக்கிறோம், எந்த நோய்க்கு அடிக்கிறோம் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடி இலையில் தொடங்கி, வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளியும் சுற்றி மஞ்சளும் இருந்தால் அது முன்பருவ இலைக்கருகல். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில், நடுவே சாம்பல் நிறமும் அதில் ஊசிமுனைக் கறுப்பும் இருந்தால் செப்டோரியா இலைப்புள்ளி. இவை இரண்டும் மெதுவாக ஏறும், சமாளிக்கலாம். குளிரும் ஈரமுமான நாள்களில் நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டு தோன்றி, காலையில் இலையின் அடிப்பக்கம் வெண்மையாகப் பூத்திருந்தால் அது பின்பருவ இலைக்கருகல். இது சில நாள்களிலேயே முழுச் செடியையும் சாய்த்துவிடும். 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே நுண்ணுயிரிதான்.

பழத்தின் அடிப்பாகம் மட்டும் கறுத்து அமுங்கினால் அது தொற்றே அல்ல. தண்ணீர் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் போவதால் பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத கோளாறு அது. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

தாமிரம்

வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளத் தக்கவற்றில் இதுவே வலுவானது. கடையில் கிடைக்கும் 50 சத காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூள் என்றால் லிட்டருக்கு 2.5 கிராம் போதும். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் தெளிப்பானை அடிக்கடி குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில செடிக்கு வெறும் தண்ணீரும் சில செடிக்கு இரட்டை மருந்தும் போகும்.

துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை நாமே செய்யலாம். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளி மட்டுமே. உலோகப் பாத்திரம் அரித்துப் போகும். துரு ஏறியிராத சாதாரண இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு படிந்து சிவக்கிறதா? அப்படியானால் சுண்ணாம்பு குறைவு. சிவப்பு படியாத வரை சேர்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் இலை பொசுங்கியது என்று வருந்துகிறார்கள். துணியில் வடிகட்டி அன்றே அடித்துத் தீர்க்க வேண்டும். இளஞ்செடிக்குப் பாதி அளவு, அதாவது லிட்டருக்கு ஐந்தும் ஐந்தும்.

7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை அடிக்கலாம். பலத்த மழை பெய்தால் கழுவிப் போயிருக்கும், மறுபடி அடிக்க வேண்டும். தாமிரத்தின் பெரிய குறை, அது மண்ணில் மட்காது. ஆண்டுதோறும் அதே பாத்தியில் அடித்தால் சேர்ந்துகொண்டே போய் மண்புழுவையும் நல்ல நுண்ணுயிர்களையும் பாதிக்கும். எனவே வாடிக்கையாக அடிக்காமல், ஈரம் தொடரும் வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சூடோமோனாஸ், பேசில்லஸ்

இவை நோய்ப் பூசணத்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள், உயிருள்ளவை. பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்கினால் வெறும் டால்க் தூளுக்குக் காசு கொடுத்ததாகிவிடும். சூடோமோனாஸ் தூள் லிட்டருக்கு 10 கிராம், வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை முந்தைய இரவே திறந்த வாளியில் பிடித்து வைத்துவிடுங்கள். நடுமுன் நாற்றின் வேரை இதே கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நட்ட பத்தாம் நாளிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை தெளித்துவந்தால் முன்பருவக் கருகல் மட்டுப்படும். தாமிரத்தோடு கலக்கவே கூடாது, அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். பின்பருவக் கருகல் பரவத் தொடங்கிவிட்டால் இதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

சமையல் சோடா, பால், வேப்பெண்ணெய்

மூன்றும் நல்லவைதான், ஆனால் வேறு நோய்களுக்கு. சோடாவும் பாலும் இலையின் மேற்பரப்பில் படரும் சாம்பல் நோய்க்குப் பலன் தரும். கருகல் பூசணம் இலைக்குள் இறங்கிவிடுவதால் அங்கே இவை எட்டாது. சோடா லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டினால் இலை ஓரம் கருகும். தொட்டி மண்ணில் சோடியமும் சேரும். வேப்பெண்ணெய் வெள்ளை ஈயைக் குறைப்பதால் இலைச்சுருட்டை வைரஸ் பரவுவதைத் தணிக்கும். கருகலுக்கு அதை நம்பிக் காத்திருந்தால் போவது நாள்தான்.

மான்கோசெப் என்ற ரசாயனப் பூசணக்கொல்லி கருகலை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. தினம் இரண்டு பழம் பறிக்கும் வீட்டில் மருந்தடித்த பின் காத்திருக்க வேண்டிய நாள்களைக் கடைப்பிடிப்பதும் கடினம். வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

தெளிக்காமலே செய்வது

முன்பருவக் கருகலிலும் செப்டோரியாவிலும் இதற்குத்தான் முதல் இடம். இவற்றின் வித்துகள் மண்ணில் கிடக்கும் பழைய இலையிலிருந்து தண்ணீர்த் துளி தெறித்து அடி இலைக்கு ஏறுகின்றன. அந்த வழியை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. செடியைச் சுற்றி 5 முதல் 8 சென்டிமீட்டர் வைக்கோல் மூடாக்கு, தண்டை ஒட்டாமல். செடி இடுப்பளவு வளர்ந்ததும் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் வரை உள்ள இலைகளைச் சிறிது சிறிதாகக் கிள்ளிவிடுங்கள். ஒரே நாளில் மொட்டையடித்தால் செடி தளர்ந்துவிடும். ஈர இலையைத் தொட வேண்டாம், கையே நோயைக் கடத்தும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் விட்டுக் கொம்பு ஊன்றினால் இலை சீக்கிரம் உலரும். அதே பாத்தியில் இரண்டு மூன்று ஆண்டு தக்காளி, கத்தரி, உருளை வேண்டாம்.

பின்பருவக் கருகல் காற்றில் வருவது. அதை மூடாக்கு நிறுத்தாது. ஈரக்குளிர் தொடங்குமுன்பே தாமிரம் அடித்திருக்க வேண்டும், அல்லது மவுண்டன் மேஜிக், அயர்ன் லேடி போன்ற எதிர்ப்புத் திறனுள்ள ரகத்தை நட்டிருக்க வேண்டும். தண்டிலும் கருந்திட்டு வந்துவிட்ட செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். வெயில் ஏறி இலை காய்ந்த நேரத்தில் அந்த இடத்திலேயே பையால் மூடிப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்துச் செடிகளுக்கு அன்றே இலையின் இருபுறமும் நனையத் தாமிரம் அடியுங்கள்.