மாற்றிக் கட்டுவதா, இருந்தபடி காப்பதா?

மூடப்பட்ட ஆலையைக் கட்டடக்கலை மரபு மையமாக்க இரண்டு வழிகள் உள்ளன. இரண்டுக்கும் ஜெர்மனியில் தெளிவான சான்றுகள் உண்டு.

எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் மாற்றிக் கட்டும் வழிக்குச் சான்று. ஃபிரிட்ஸ் ஷூப், மார்ட்டின் க்ரெம்மர் ஆகியோர் வடிவமைத்து 1932இல் இயங்கத் தொடங்கிய கட்டடங்கள், 1986இல் சுரங்கப் பணி நின்ற பிறகு வேறு பயன்பாடுகளைப் பெற்றன. கொதிகலன் கூடத்தை நார்மன் ஃபாஸ்டர் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாற்றினார். நிலக்கரி கழுவும் ஆலையில் 2010இல் ரூர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிக்கல் தொடங்கியதும் அங்கேதான். எஃகுச் சட்டங்களுக்கிடையே மெல்லிய செங்கல் அடுக்கை வைத்துக் கட்டிய சுவர் இயந்திரங்களுக்குப் போதுமானதாக இருந்தது. குளிரும் ஈரமும் ஆகாத காட்சிப் பொருள்களுக்கு அது போதவில்லை. ஆகவே வெப்பக்காப்பு சேர்த்துச் சுவரைப் புதுப்பிக்க நேர்ந்தது. பார்வையாளர் ஏறுவதற்கு வெளிப்புறத்தில் நீண்ட நகரும் படிக்கட்டும் வந்தது.

ஃபோல்க்லிங்கன் இரும்பு ஆலை மற்ற வழியைக் காட்டுகிறது. அதுவும் 1986இல்தான் மூடப்பட்டது. ஆனால் சோல்ஃபெரைனுக்கு ஏழாண்டுகள் முன்பே, 1994இல், யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இரும்புத் தாதை உருக்கிய ஆறு ஊதுலைகளும் வரிசையாக நிற்கின்றன. மூலப்பொருள் எப்படி மேலேறியது, எங்கே கொட்டப்பட்டது என்பதை உலைமேடையில் நடந்தே புரிந்துகொள்ளலாம். காற்று ஊதும் கூடத்தின் பெருஞ்சக்கரங்களுக்கு நடுவிலேயே கண்காட்சிகள் நடக்கின்றன. மழையில் நிற்கும் இரும்பைத் துருவிலிருந்து காக்கும் செலவுக்குத்தான் முடிவே இல்லை.

கட்டடமே காட்சிப் பொருளாக வேண்டிய மையத்துக்கு ஃபோல்க்லிங்கன் வழியே பொருந்தும் என்பது என் கணிப்பு. இயந்திரங்கள் அகற்றப்பட்டு வெறும் கூடாகிவிட்ட ஆலைக்குச் சோல்ஃபெரைன் வழியைப் பரிந்துரைப்பேன். அதுவும், சுவரைத் தொடுமுன் அதன் அளவுகளையும் படங்களையும் முழுமையாகப் பதிவுசெய்த பிறகே.