வயதை ஏற்றுவதா, தொகையைக் குறைப்பதா?

முதியோர் பெருகி, பென்ஷன் கணக்கு இடிக்கும்போது மூன்று வழிகள்தான் உண்டு. ஓய்வு வயதை ஏற்றலாம், தொகையைக் குறைக்கலாம், வேலையில் இருப்பவர்களிடம் கூடுதலாகப் பிடிக்கலாம். கடைசி வழிக்கு ஜப்பான் கதவடைத்துவிட்டது. சம்பளத்தில் 18.3 சதவீதத்துக்கு மேல் பிடிப்பதில்லை என்று 2004-ல் முடிவெடுத்து, 2017-ல் அங்கேயே நிறுத்திக்கொண்டது. அதனால் மற்ற இரண்டையும்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

டென்மார்க் வயதை ஏற்றுகிறது. ஆயுள் நீண்டால் ஓய்வு வயதும் தள்ளிப்போகும் என்பது 2006-ல் வந்த ஏற்பாடு. இப்போது 67, 2030-ல் 68, 2035-ல் 69. 2040-ல் 70 என்று 2025 மே மாதமே நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது. இவ்வளவு முன்கூட்டியே சொன்னால் ஜனங்கள் தயாராகிக்கொள்ள முடியும். பிரான்ஸ் 2023-ல் 62-ஐ 64 ஆக்க, கீழவையில் இறுதி வாக்கெடுப்பு இல்லாமல் அரசியலமைப்பின் 49.3 பிரிவைக் கொண்டு சட்டத்தை நிறைவேற்றியது. தெருவெல்லாம் போராட்டம்.

ஸ்வீடனிலும் வயது ஏறுகிறதுதான், ஆனால் அடி முக்கியமாகத் தொகையில் விழுகிறது. ஒவ்வொருவர் பேரிலும் சேர்ந்த கணக்கை, அவர் வயதுக்காரர்கள் சராசரியாக இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள் என்ற கணிப்பை வைத்து வகுக்கிறார்கள். ஆயுள் கூடினால் மாதத் தொகை சுருங்கும். மொத்தக் கணக்கு சமநிலை தவறினால் தொகைக்கு பிரேக் தானாக விழும். 2008 நெருக்கடிக்குப் பின் 2010-ல் அப்படி விழுந்தது.

கஜானாவுக்கு ஸ்வீடன் முறைதான் பத்திரம். மனிதருக்கு?

17 வயதில் சாரம் ஏறிய கொத்தனார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 64-ல் 47 வருட உழைப்பு முடிந்திருக்கும், முழங்காலும் போயிருக்கும். 27 வயதில் படிப்பை முடித்து மேசை வேலைக்குப் போனவருக்கு 67-ல்தான் 40 வருடம். வயதை ஏற்றினால் இருவருக்கும் ஒரே வாசல். தொகையைக் குறைத்தால் கொத்தனார் முன்னதாக வெளியேறலாம். ஆனால் உடலுழைப்பாளிகள் பொதுவாகச் சீக்கிரம் போய்ச் சேர்கிறார்கள். வகுக்கும் எண்ணோ எல்லோருக்கும் ஒன்றே. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஜப்பானில் 65-க்குப் பதில் 70-ல் வாங்கத் தொடங்கினால், மாதத்துக்கு 0.7 வீதம் 60 மாதத்துக்கு 42 சதவீதம் கூடும். நல்ல திட்டம்தான். சரி, காத்திருக்க உடம்பும் கையில் காசும் இருப்பது யாருக்கு?

அதனால் வயதைவிட உழைத்த வருடங்களை எண்ணும் முறைக்கே என் ஓட்டு. டென்மார்க்கிலேயே அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. மதுபான ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயரால் 'ஆர்னே பென்ஷன்' என்று வழங்கும் திட்டம், 2022-ல் நடைமுறைக்கு வந்தது. 61 வயதுக்குள் 44 வருடம் உழைத்திருந்தால் மூன்று வருடம் முன்னதாக ஓய்வு பெறலாம். 43 என்றால் இரண்டு, 42 என்றால் ஒன்று. ஓய்வு வயது 70-ஐத் தொடும்போது அந்த மூன்று, ஐந்தாகவாவது ஆக வேண்டும்.