புதுசாக ரோயிங் (துடுப்புப் படகு) அணியில் சேர்ந்து மூன்று மாதம்: சேரலாமா?

சேரலாம். ஆனால் சேர்ந்த மறுநாளே படகில் ஏறிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள், நான் ஏமாந்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் படிக்க வந்து போகிறவன் நான். கல்லூரிப் பேர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதல் மூன்று வாரம் 'எர்க்' என்கிற, கரையிலேயே துடுப்பு இழுத்துப் பழகுகிற மெஷின்தான். அதன் காற்றாடிச் சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை நகர்த்துகிற ஒரு பிடி இருக்கும். எல்லாப் புதுப் பையன்களையும் போல நானும் 10-ல் வைத்து வீரமாக இழுத்தேன். கோச் வந்து ஒன்றும் பேசாமல் 4-க்கு இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது உள்ளே போகிற காற்றின் அளவுதானாம், 10-ல் வைத்தால் கனத்த படகை இழுக்கிற மாதிரி, முதுகு போய்விடும். கையால் இழுப்பதும் இல்லை இது: முதலில் கால் தள்ள வேண்டும், அப்புறம் முதுகு சாய வேண்டும், கை கடைசியில்தான், திரும்பி வரும்போது அப்படியே தலைகீழாக. இது உடம்பில் ஏறவே எனக்கு இருபது நாள் ஆனது.

அப்புறம் புதுச்சேரி நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றில் படகுப் பயிற்சி, காலை 6 மணிக்கு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகுகளைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்வது சுத்தமாகப் பிடிபடவில்லை. "எதிர்ல என்ன வருதுன்னு எவன்டா பாப்பான்?" என்று மாமா கேட்டார், நியாயமான கேள்வி. எங்கள் நால்வர் படகில் அதைப் பார்த்துக் குரல் கொடுக்க காக்ஸ் என்று தனியாக ஒருவர் உண்டு. இரண்டாம் நாளே என் துடுப்பு தண்ணீருக்குள் சிக்கி, பிடி வந்து வயிற்றில் குத்தியது. இதற்கு 'க்ராப்' என்று பேர், நண்டு பிடிப்பதாம், அன்று முழுக்க என்னை நண்டு என்றே கூப்பிட்டார்கள். துடுப்புப் போடுவதைத் தண்டு வலிப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள், அந்த வலிப்பதன் இன்னொரு அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கியது. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கிளவுஸ் போட விடமாட்டார்கள், பிடி உணர்வு போய்விடுமாம்.

குறை என்றால், பதினெட்டு புதுமுகத்துக்கு ஒரே படகு. கரையில் நின்று கொசுக்கடி வாங்குகிற நேரம்தான் அதிகம். படகில் சீட்டு முன்னும் பின்னும் உருளும், அதில் ஒரு சீட்டின் சக்கரம் பாதியில் நிற்கிறது, சொல்லியும் ஒரு மாதமாக மாற்றவில்லை. உடை மாற்ற இடமில்லை, ஈர டிராக்ஸோடு 9 மணி வகுப்பில் போய் உட்கார வேண்டும். கட்டணம் 1500 ரூபாய் என்றார்கள், டிஷர்ட்டுக்குத் தனியாக 600 என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

ஆனால் கோச் தங்கம். நால்வர் துடுப்பும் ஒரே சத்தமாக இறங்குகிற பத்துப் பதினைந்து இழுப்பு கிடைத்தால், அதுவரை நெளிந்துகொண்டே வந்த படகு சட்டென்று நேராக வழுக்கிக்கொண்டு போகும், அடியில் தண்ணீர் சலசலக்கிறது கேட்கும். எனக்கு இதுவரை மூன்று தடவை கிடைத்திருக்கிறது.

நீச்சல் தெரியாமல் தெரியும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள், முதல் நாளே நீந்திக் காட்டச் சொல்வார்கள். கடலூர்க்காரர்கள் விடியற்காலை 5 மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுங்கள்.